பழைய ஆப்பிரிக்க விலங்கு ஓவியம்: விலையை யாரிடம் கேட்பது?

புல்வெளியில் ஒரு சிங்கம், மூலையில் பாதி அழிந்த கையெழுத்து. இப்படி ஒரு பழைய ஆயில் பெயிண்டிங் கைக்கு வந்தால் விலை கேட்க மூன்று இடங்கள் உண்டு: ஏல நிறுவனம், கட்டணம் வாங்கும் மதிப்பீட்டாளர், ஓவிய வியாபாரி. மூவரும் மூன்று தொகை சொல்வார்கள், பொய் சொல்லாமலேயே. ஏலக்காரர் சொல்வது ஏலத்தில் போகக்கூடிய விலை. காப்பீட்டுக்காக மதிப்பீட்டாளர் எழுதுவது, அதே தரத்தில் இன்னொன்றைக் கடையில் வாங்க ஆகும் செலவு. பெரும்பாலும் மூன்றில் அதுதான் பெரிய தொகை. வியாபாரியோ தன் லாபத்தைக் கழித்துக்கொண்டுதான் பேசுவார்.

நான் முதலில் ஏல நிறுவனத்தைத்தான் கேட்பேன். கிறிஸ்டீஸ், பான்ஹாம்ஸ் போன்றவை புகைப்படம் பார்த்து இலவசமாகவே உத்தேச விலை சொல்கின்றன. கிழக்கு ஆப்பிரிக்காவுக்கே போய்ச் சிங்கங்களை வரைந்த ஜெர்மானியர் வில்ஹெல்ம் கூனெர்ட் (1865–1926) மாதிரி பெயர் என்றால் இதுவே போதும். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய ஏல விலைகள் இருக்கின்றன. ஊர் பேர் தெரியாத ஓவியர் என்றால் ஒற்றை வரியில் மறுத்துவிடுவார்கள். விற்றாலும் கமிஷன் போகத்தான் மிச்சம்.

புகைப்படத்தால் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலேய ஓவியர் டேவிட் ஷெப்பர்டின் (1931–2017) யானைகள் அச்சுப் பிரதிகளாக ஏராளமாக விற்றவை. புகைப்படத்தில் அச்சும் அசலும் ஒன்றுபோலவே தெரியும். பூதக்கண்ணாடி வைத்தால் அச்சின் சீரான புள்ளிகள் காட்டிக்கொடுத்துவிடும்.

நேரில் வரும் மதிப்பீட்டாளருக்குக் காசு கொடுப்பது இதற்காகத்தான். புற ஊதா விளக்கில் பழைய பிசின் வார்னிஷ் பச்சையாக ஒளிரும், அதன்மேல் பிற்காலத்தில் தீட்டிய இடங்கள் கறுப்புத் திட்டாகத் தெரியும். சில நேரம் கையெழுத்தே அந்தத் திட்டில்தான் இருக்கும்! சந்தேகம் பெரிதானால் ஆய்வகம். டைட்டானியம் வெள்ளை என்ற வண்ணம் ஓவியர்களின் கைக்கு வந்தது முதல் உலகப் போரை ஒட்டித்தான்; 1890 என்று தேதியிட்ட படத்தின் அடி வண்ணத்தில் அது இருந்தால் தேதி பொய். ஆனால் காப்பீடு, பாகப்பிரிவினை, பெரிய பெயர் என ஏதாவது ஒரு காரணம் இல்லாமல் இந்தச் செலவு வீண். படத்தின் மதிப்பில் இத்தனை சதவீதம் கட்டணம் என்றோ, 'நானே வாங்கிக்கொள்கிறேன்' என்றோ சொல்பவரிடம் மதிப்பீடு கேட்காதீர்கள்.

வியாபாரியிடம் உடனே பணம் கிடைக்கும், அவ்வளவுதான். வேறொருவர் சொன்ன தொகை மனதில் இல்லாமல் அவர் கடைப்படி ஏறக்கூடாது.

அப்புறம், யாரிடம் அனுப்பினாலும் படத்தின் பின்பக்கத்தையும் போட்டோ எடுங்கள். கேன்வாஸ் வியாபாரியின் முத்திரை, பழைய ஏல எண், கண்காட்சிச் சீட்டு எல்லாம் அங்கேதான் இருக்கும். அழுக்காக இருக்கிறதே என்று துடைத்துவிடாதீர்கள்.