நோ ஷோ சாக்ஸும் இன்சோலும்: இரண்டாண்டுப் பயன்பாட்டு அனுபவம்

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் மருந்தகத்தில் பார்மசிஸ்டாகப் பணிபுரிகிறேன். காலை எட்டு மணி ஷிப்ட் என்றால் மாலை நான்கு வரை, கவுண்டருக்கும் மருந்து அலமாரிகளுக்கும் இடையே கிரானைட் தரையில் நிற்பதும் நடப்பதுமாகவே பொழுது போய்விடும். கடைகளில் வேலை செய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத்திருத்தம் வந்தது. எங்கள் கவுண்டருக்குப் பின்னாலும் இரண்டு ஸ்டூல்கள் உண்டு. ஆனால் புறநோயாளிகளின் வரிசை வாசல்வரை நீளும் நேரத்தில் அவற்றில் அமர்ந்திருப்பவை பெரும்பாலும் பில் கட்டுகள்தான்.

சீருடைக்குக் கறுப்பு நிற மூடிய காலணி கட்டாயம். பல ஆண்டுகளாகப் பெல்லி ஷூதான் (மெல்லிய தட்டை அடியும் இறக்கமான வாயும் கொண்ட பெண்கள் காலணி) அணிந்துவந்தேன். 2023 ஜூன் மாதத்தில், காலையில் கட்டிலைவிட்டு இறங்கி வைக்கும் முதல் அடியிலேயே இடது குதிகாலில் ஆணி ஏறியதுபோல் வலி தொடங்கியது. பத்துப் பதினைந்து அடி நடந்தால் மட்டுப்படும். பணி முடிந்து பேருந்தில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் மறுபடியும் பிடித்துக்கொள்ளும். எலும்பு மருத்துவர் பார்த்த உடனே பிளான்டார் ஃபேசியைட்டிஸ் என்றார். குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை பாதத்தின் கீழே ஓடும் தடித்த திசுப்பட்டை ஓயாத இழுவிசையால் பாதிக்கப்படுவதே இந்த வலிக்குக் காரணம். கெண்டைக்கால் தசையை இழுத்துவிடும் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தார். நான் கழற்றி வைத்திருந்த பெல்லி ஷூவை எடுத்து, அதன் அடிப்பாகத்தை இரண்டாக மடித்துக் காட்டி, "இதைப் போட்டுக்கொண்டு எட்டு மணி நேரம் நிற்கிறீர்களாம்மா?" என்று கேட்டார். காலணிக்குள் பாதத்தின் அடியில் வைக்கும் அட்டையான இன்சோலை அளவெடுத்துச் செய்ய இப்போதே பணம் செலவழிக்க வேண்டாம், கடையில் கிடைக்கும் நல்ல இன்சோலை முதலில் பயன்படுத்திப் பாருங்கள் என்பதும் அவர் சொன்னதுதான்.

முதலில் வாங்கியது ஜெல் இன்சோல். கையால் அழுத்தினால் பஞ்சு மெத்தைபோல் இருந்தது. விலையும் இருநூற்றைம்பது ரூபாய்தான். முதல் வாரம் சுகமாக இருந்தது, மூன்றாவது வாரத்தில் வலி பழைய இடத்துக்கே வந்து நின்றது. கடையில் விரலால் அழுத்திப் பார்க்கும்போது தெரியும் மென்மைக்கும், ஐம்பத்தெட்டு கிலோ எடை மணிக்கணக்கில் நின்ற பிறகு கிடைக்கும் தாங்கலுக்கும் தொடர்பே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. அடுத்து வாங்கிய மெமரி ஃபோம் இன்சோலும் ஏறக்குறைய இதே கதைதான்: உடல் சூட்டில் இளகிப் பாதத்தின் வடிவத்துக்குப் படிந்துகொடுக்கும், ஆனால் நாள் முழுவதும் நிற்பவர்களின் குதிகாலுக்குக் கீழே அது தட்டையாக அமுங்கிவிடும். மதுரை வெயிலில் சூட்டையும் பிடித்து வைத்துக்கொள்ளும். எனக்குப் பயன் தந்தது மூன்றாவதாக வாங்கியது. அடியில் சற்றே விறைப்பான ஈவிஏ (காற்றறைகள் கொண்ட ஒருவகை ஃபோம்), மேலே மெல்லிய பாலியூரித்தேன், குதிகால் உட்கார ஆழமான குழி, பாத வளைவைத் தாங்கும் மேடு. தொட்டுப் பார்த்தால் கட்டாந்தரைபோல் இருக்கும் இதை யாருமே ஆசைப்பட்டு எடுக்க மாட்டார்கள். முதல் நாள் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு மணி நேரம் என்று பழக்கினேன். வளைவின் மேடு உறுத்துவதுபோல் தோன்றிய உணர்வு பத்து நாளில் போய்விட்டது. ஆறாவது வாரத்தில் ஒரு நாள், காலையில் எழுந்து அடுப்படிவரை நடந்து பாலை ஏற்றிய பிறகுதான், குதிகால் வலிக்கவில்லை என்பதே நினைவுக்கு வந்தது. கெண்டைக்கால் பயிற்சிக்கு அதில் பாதிப் பங்காவது இருக்கும். இன்சோலுக்கே முழுப் பெருமையும் தர மாட்டேன்.

காலுறைத் தொல்லை தொடங்கியது இதற்குப் பிறகுதான். பெல்லி ஷூவுக்குள் இந்த இன்சோலை வைத்ததும் குதிகால் ஆறேழு மில்லிமீட்டர் மேலே எழும்பிவிட்டது. அதுவரை ஒழுங்காக நின்ற நோ ஷோ சாக்ஸ், அதாவது காலணிக்கு வெளியே தெரியாத குட்டைக் காலுறை, அன்று காலை பதினோரு மணிக்குள் நான்கு முறை நழுவியது. நழுவியது என்றால், குதிகாலைவிட்டு இறங்கி, உள்ளங்காலின் நடுவே ஈரத்துணிப் பந்தாகச் சுருண்டுகொண்டது. நோயாளிகளின் முன்னால் குனிந்து காலணிக்குள் விரலை விட முடியாது. இன்சுலின் வைக்கும் ஃப்ரிட்ஜின் மறைவுக்குப் போய் ஒற்றைக்காலில் நின்று இழுத்து விட்டுக்கொண்டு வருவேன். சாக்ஸில்தான் குறை என்று நினைத்து அடுத்தடுத்து நான்கு வகைகளை வாங்கினேன். உண்மையில் குறை காலணியின் ஆழத்தில் இருந்தது. ஒவ்வோர் அடியிலும் குதிகால் கொஞ்சம் மேலெழும்பி இறங்குகிறது. காலணியின் பின்விளிம்பு குதிகாலை இறுகப் பற்றியிருந்தால் காலணியும் கூடவே எழும்பும். பிடி தளர்ந்துவிட்டால் அந்த விளிம்பு சாக்ஸின் துணியை மட்டும் பிடித்து, அடிக்கு அடி கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். இன்சோல் குதிகாலை உயர்த்தியதால் எனக்கு நேர்ந்தது அதுதான்.

ஆகவே இவற்றைத் தேர்ந்தெடுக்க ஒரு வரிசை உண்டு என்பது என் கருத்து. காலுக்குத் தேவையான இன்சோலை முதலில் முடிவு செய்ய வேண்டும், அதைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அதற்கு இடமுள்ள காலணியை வாங்க வேண்டும், அந்தக் காலணியின் வாய் எவ்வளவு இறக்கமாக வெட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்துக் கடைசியாகத்தான் சாக்ஸ் எடுக்க வேண்டும். நான் தலைகீழாகச் செய்து ஏறத்தாழ இரண்டாயிரம் ரூபாயை வீணாக்கினேன். இப்போது அணிவது உள்ளட்டையைக் கழற்றி எடுக்கக்கூடிய கறுப்பு ஸ்லிப் ஆன் ஷூ. பழைய அட்டையை எடுத்துவிட்டுத்தான் புதிய இன்சோலை வைக்க வேண்டும். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் பெல்லி ஷூவின் கதையே மீண்டும் நடக்கும். நீளம் கூடுதலாக இருந்தால் பழைய அட்டையை மேலே வைத்துக் கோடு போட்டு, விரல் பக்கத்தில் மட்டும் கத்தரிக்க வேண்டும். குதிகால் பக்கம் வெட்டினால் குழியும் மேடும் இடம் மாறிவிடும். காலணியை மாலையில் போய் வாங்குவது நல்லது, நின்ற கால்கள் அந்நேரம் சற்று வீங்கியிருக்கும்.

சாக்ஸைப் பொறுத்தவரை என் முதல் சோதனை 'ஃப்ரீ சைஸ்' என்ற சொல்தான். என் பாதம் ஐந்தாம் நம்பர். நான்கு முதல் எட்டுவரை எல்லோருக்கும் பொருந்தும் என்று அட்டையில் போட்டிருக்கும் சாக்ஸ், எனக்கு விரல் நுனியில் ஒரு மடிப்பு மிஞ்சும்படிதான் இருந்தது. அந்த மிச்சத் துணிதான் நழுவுதலின் தொடக்கம். அடுத்ததாகக் குதிகால் பகுதி பையைப்போல் ஆழமாகப் பின்னப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பேன். தட்டையான குழாயாகப் பின்னி மடித்து வைத்திருந்தால், நழுவாமல் பிடிப்பதற்காக உள்ளே எவ்வளவு சிலிக்கான் ஒட்டியிருந்தாலும் நிற்காது. சிலிக்கான் பட்டையும் ஒரே நீள்கோடாக இருப்பதைவிடச் சிறு புள்ளிகளாகவோ வளைகோடுகளாகவோ இருப்பது நல்லது. அகலமான பட்டை இருந்த ஒரு வகையில், அடியில் வியர்வை தேங்கி, மாலையில் அந்த வடிவத்திலேயே சிவந்த தடம் அரித்தது. விரல் தையலை உள்பக்கம் திருப்பி விரலால் தடவிப் பாருங்கள். கயிறுபோல் தடித்திருந்தால் சுண்டுவிரல் அன்று மாலைக்குள் சொல்லிவிடும்.

துணியில் பருத்திதான் நல்லது என்ற நம்பிக்கை எனக்கும் இருந்தது. முழுக்க முழுக்கப் பருத்தி வியர்வையை உறிஞ்சும், ஆனால் எளிதில் காய விடாது. நனைந்த துணியோடு எட்டு மணி நேரம் நின்றால் தோல் ஊறி வெளுத்துவிடும். பருத்தியோடு நைலானும் இழுபடும் நூலான ஸ்பான்டெக்ஸும் கொஞ்சம் கலந்தவையே வடிவம் மாறாமல் நீடித்தன. 'மூங்கில் நார்' என்று விற்பவை தொடுவதற்குப் பட்டுப்போல் இருக்கும். அவை பெரும்பாலும் மூங்கில் கூழை ரசாயன முறையில் நூலாக்கிய விஸ்கோஸ்தான். என்னிடமிருந்த இரண்டு ஜோடியும் ஐந்து மாதத்தில் பெருவிரலில் ஓட்டையாயின. எந்தத் துணியானாலும் கோடையில் மதிய உணவு இடைவேளையில் ஒரு ஜோடி மாற்றிக்கொள்கிறேன். சேற்றுப்புண்ணுக்குக் க்ளோட்ரிமசோல் பவுடர் கேட்டு வருபவர்களில் பலர் ஷூ அணிந்து வேலை பார்ப்பவர்கள் என்பதைக் கவுண்டரில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

பராமரிப்பில் நான் செய்த பிழைகளே அதிகம். துணிகளோடு சேர்த்து வாசனைக்காகக் கண்டிஷனரில் ஊறவைத்ததில், சிலிக்கான்மேல் வழுவழுப்பான படலம் படிந்து, புது சாக்ஸ் ஒரே மாதத்தில் பிடிப்பை இழந்தது. இப்போது உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பி, பச்சைத் தண்ணீரில் சாதாரண சோப்பில் அலசி நிழலில் உலர்த்துகிறேன். சிலிக்கானில் ஒட்டும் நூல்தூசியை ஈரவிரலால் உருட்டி எடுத்துவிடுகிறேன். இன்சோலை ஒருமுறை கழுவி மொட்டைமாடி வெயிலில் வைத்துவிட்டு மறந்துபோனேன். மாலையில் போய்ப் பார்த்தபோது ஓரங்கள் பொரித்த அப்பளம்போல் தூக்கிக்கொண்டிருந்தன; தொள்ளாயிரம் ரூபாய் குப்பைக்குப் போயிற்று. அதன்பின் தினமும் இரவில் ஷூவிலிருந்து உருவிச் சுவரில் சாய்த்து, மின்விசிறிக் காற்றில் விடுவதோடு சரி.

வாங்கிய தேதியை இன்சோலின் அடியில் மார்க்கரால் எழுதி வைக்கிறேன். மருந்துப் பட்டையில் காலாவதித் தேதி பார்க்கும் தொழில்புத்தி. ஈவிஏவுக்குள் இருக்கும் நுண்ணிய காற்றறைகள் நாளடைவில் நசுங்கிப் போகும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. என் கணக்கில் ஒரு ஜோடி எட்டு அல்லது ஒன்பது மாதம் உழைக்கிறது. அதற்கு மேல் ஓட்டினால் காலை முதல் அடி மறுபடியும் நினைவூட்டத் தொடங்கிவிடும்.

சர்க்கரை நோயாளிகள் என்னிடம் இந்த இன்சோலைப் பற்றி விசாரிக்கும்போது மட்டும் நான் பரிந்துரைப்பதில்லை. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு, காலணிக்குள் சுருண்ட சாக்ஸோ உறுத்தும் மேடோ வலியாகத் தெரியாது, புண்ணான பிறகுதான் தெரியும். அவர்கள் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டிவிட்டு எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலார் ரப்பர்) காலணி வாங்குவதே நல்லது. வேலூரில் டாக்டர் பால் பிராண்டும் அவருடன் பணிபுரிந்தவர்களும், தொழுநோயால் உணர்விழந்த பாதங்களில் புண் வராமல் காக்க மைக்ரோசெல்லுலார் ரப்பரைப் பயன்படுத்திய வழியில் வந்த செருப்பு அது. வீட்டுக்குள் மொசைக் தரையில் வெறுங்காலோடு நடப்பதை நிறுத்திவிட்டு நானும் அதைத்தான் போட்டுக்கொள்கிறேன், அம்மா முகம் சுளித்தாலும்.

பெல்லி ஷூவைத் தூக்கிப் போடவில்லை. கல்யாணம், வளைகாப்பு என்றால் அதுதான். உள்ளே இன்சோல் கிடையாது, தோல் நிற நைலான் சாக்ஸ் மட்டும். இரண்டு மணி நேரம் தாங்குகிறது. பந்தியில் உட்கார்ந்ததும் கழற்றிவிடுவேன்.