கோவையா, திருப்பூரா: வேலைக்கு எந்த ஊர் கெட்டி?

இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 50 கிலோமீட்டர்தான். பிள்ளை பிளஸ் டூ முடித்துவிட்டான், வேலைக்கு எங்கே அனுப்பலாம் என்று கொங்குப் பக்கம் யாரைக் கேட்டாலும் இந்த இரண்டு பெயரும்தான் முதலில் வாயில் வரும். ஆனால் வேலை கிடைக்கிற விதத்திலும், கிடைத்த வேலை நிலைக்கிற விதத்திலும் இரண்டும் வேறு வேறு ஊர்கள்.

திருப்பூரின் பெரிய பலம், வாசல் அகலம். சான்றிதழ் யாரும் கேட்பதில்லை. ‘டைலர், கைமடி, செக்கிங் ஆட்கள் தேவை’ என்று பனியன் கம்பெனி கேட்டில் போர்டு தொங்கும். திங்கட்கிழமை போய் நின்றால் சனிக்கிழமை கையில் காசு. தைக்கத் தெரியாதவர் கைமடியாகச் சேர்வார். டைலர் தைத்துத் தள்ளுவதை எடுத்து, நூல் வெட்டி, மடித்து அடுத்த மெஷினுக்குக் கொடுக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் காலியாகக் கிடக்கும், துணி ஓரம் தைக்கிற ஓவர்லாக் மெஷினில் வேஸ்ட் துணியை விட்டு ஓட்டிப் பழகுவார். சில மாதங்களில் அவரே டைலர். தைத்த எண்ணிக்கைக்குக் கூலி தரும் பீஸ் ரேட்டில் கை வேகமாக ஓடுகிறவரின் வருமானம், டிப்ளமோ முடித்துப் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரின் சம்பளத்தைத் தாண்டுவதும் உண்டு. இந்தியாவின் பருத்திப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இந்த ஊரிலிருந்துதான் போகிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆட்கள் ரயிலேறி வருவது சும்மா இல்லை.

கோவையில் வாசல் குறுகல். உள்ளே போனால் அறைகள் நிறைய. 1888-இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1930-களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்து மின்சாரம் வந்ததும் நூற்பாலைகள் பெருகின. மில்லில் உடைந்த பாகத்தைச் செய்து கொடுக்கப் பட்டறை வேண்டியிருந்தது, பட்டறைக்கு வார்ப்படம் வேண்டியிருந்தது, சுற்றியிருந்த கிணற்றுப் பாசனத்துக்கு பம்பு வேண்டியிருந்தது. ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரமும் சேர்ந்து 1937-இல் மின்மோட்டார் செய்தார்கள். 1962-இல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் தொடங்கி, நூற்பு இயந்திரத்தையே இங்கே செய்ய ஆரம்பித்தது. வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. ஒரு தொழிலின் தேவையிலிருந்து அடுத்த தொழில் முளைத்த ஊர் இது.

ஆவாரம்பாளையம், கணபதி பக்கம் போனால் தெருவுக்குத் தெரு சின்னப் பட்டறைகள். இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், அவ்வளவுதான். புதுப் பையன் முதலில் இரும்புச் சுருளைக் கூட்டுவான், டூல் தீட்டுவான். பம்பு ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடத்தை மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்க்க விரல் பழகவே நாளாகும். அங்கே ஒரு இழை கூடுதலாகக் கடைந்துவிட்டால் பேரிங் லூஸ், ஷாஃப்ட் ஸ்கிராப். ஆரம்பச் சம்பளமும் குறைவுதான். பாதியில் ஓடிப்போகிற பையன்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் தாக்குப்பிடித்தவனின் கை, பம்புக்கு மட்டும் உரியதாக இருக்காது. மோட்டார், வால்வு, வண்டி உதிரிபாகம், மில் மெஷின் எல்லாவற்றிலும் கடைசல் வேலை ஒன்றுதான். அப்புறம் கம்ப்யூட்டரில் ஓடும் சிஎன்சி, விஎம்சி மெஷின்கள் என்று ஏறலாம்.

இந்த வித்தியாசம் கெட்ட காலத்தில்தான் பளிச்சென்று தெரியும். நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூரின் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. சாயம் ஏறாவிட்டால் கட்டிங் இல்லை, கட்டிங் இல்லாவிட்டால் பவர்டேபிளில் தையல் இல்லை, பேக்கிங்கும் இல்லை. நொய்யலைக் காப்பாற்ற அந்த உத்தரவு தேவைதான். ஆனால் ஒரு கண்ணி அறுந்ததும் ஊரே ஆடிப்போனது. 2022-இல் நூல் விலை ஏறியபோதும் அப்படித்தான். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது மறுபடியும் ஆர்டர் பயம்.

கோவைக்கும் அடி விழாமல் இல்லை. 2022 ஜூலையில் பம்புக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 18 சதவீதமானது. அதே ஆண்டில் மின் கட்டணமும் ஏறியது. பெரிய கம்பெனிகளுக்குச் செய்து கொடுக்கும் ஜாப் ஒர்க் கூலியை உயர்த்திக் கேட்க முடியாத சின்னப் பட்டறைக்காரர்தான் அதிகம் நசுங்கினார். இருந்தாலும் பம்பு படுத்தால் அந்த லேத்தில் வேறு ஒரு பாகம் ஏறுகிறது. பனியன் படுத்தால் ஓவர்லாக் மெஷினுக்கு அந்த ஊரில் மாற்று வேலை சுலபத்தில் கிடைப்பதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கோவை வெட்கப்பட வேண்டும். லேத் பட்டறையிலும் ஃபவுண்டரியிலும் பெண்களைப் பார்ப்பது அபூர்வம். திருப்பூரில் கணவனை இழந்த ஒரு பெண் இரண்டு குழந்தைகளோடு வந்து இறங்கினாலும், ஒரு வாரத்தில் செக்கிங் மேசையில் இடம் பிடித்து, ஒற்றை அறை வாடகை கொடுத்துப் பிழைத்துக்கொள்ள முடியும். இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

சரி, என்னைக் கேட்டால்? இந்த வாரமே வீட்டில் அடுப்பெரிய வேண்டும் என்றால் திருப்பூர், யோசிக்கவே வேண்டாம். இரண்டு மூன்று வருடம் வீடு தாங்கும் என்றால் ஐடிஐ முடித்துவிட்டுக் கோவை. இரண்டையும் எடை போடும்போது எனக்கு உறுத்துவது வேறொன்று. திருப்பூரில் ஓடும் வட்டப் பின்னல் இயந்திரங்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகின்றன. மில்லுக்கு மெஷின் செய்த கைகள் 50 கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கின்றன.