திருகோணமலையில் மனக்காயத்துக்கு ஆலோசனை தேடும் பெண்களுக்கு: எனக்கு நடந்தது

நகரில் ஒரு வீட்டு மேல்மாடியில் "பெண்களுக்கான தனிப்பட்ட உளவளத்துணை, இழந்த தன்னம்பிக்கையை மீட்டுத் தருகிறோம்" என்று முகப்புத்தகத்தில் விளம்பரம் போட்டு நடத்துகிறார்கள். இடத்தின் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே என்ன செய்தார்கள் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

அடி உதையோடு வாழ்ந்த கலியாணத்திலிருந்து பிள்ளையோடு வெளியே வந்தவள் நான். வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றால் கை நடுங்கும். இரவில் நித்திரை இல்லை. அதற்குத்தான் உதவி கேட்டுப் போனேன். எல்லா அமர்வுகளுக்கும் சேர்த்து 30,000 ரூபா முற்பணமாகக் கட்டச் சொன்னார்கள். பற்றுச்சீட்டு தரவில்லை.

முதல் நாளே, நான் இருந்து மூச்சு விடுவதற்குள், எல்லாவற்றையும் சொல்லச் சொன்னார் அங்கே ஆலோசனை தரும் அம்மா. கணவர் எங்கே அடித்தார், எதால் அடித்தார், அறைக்குள் என்ன நடந்தது என்று கிண்டிக் கிண்டிக் கேட்டார். உடம்பு நடுங்கத் தொடங்கியது. நிறுத்தலாமா என்று கேட்டேன். "அழுதால் எல்லாம் வெளியில போயிடும், விடாமச் சொல்லுங்கோ" என்றார். மேசையில் அவருடைய ஃபோன் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தது. என்னிடம் அனுமதி கேட்கவில்லை. அன்றிரவு தொடங்கிய கெட்ட கனவுகள் அதற்கு முன் எனக்கு வந்ததே இல்லை.

அடுத்த முறை போனபோது, "அப்பவே ஏன் வெளிக்கிடேல்ல? நீங்களும் இடம் குடுத்திருக்கிறீங்கள்" என்றார். பிறகு கணவரை மன்னித்து ஒரு கடிதம் எழுதச் சொன்னார். தன்னம்பிக்கை தேடி வந்தவளிடம் இப்படிப் பேசுவதற்குப் பெயர் ஆலோசனை இல்லை.

இன்னொன்றும் நடந்தது. நான் அந்த அறையில் மட்டும் சொன்ன ஒரு விஷயத்தை உவர்மலையில் இருக்கும் என் சித்தி என்னிடமே திருப்பிக் கேட்டா. திருகோணமலை சின்ன ஊர். இங்கே ஒரு பெண்ணின் கதை வெளியே போனால் அவள் கோயிலுக்குக்கூடத் தலை நிமிர்ந்து போக முடியாது.

காசைத் திருப்பிக் கேட்டேன், தரவில்லை. ஒரு தோழி சொல்லி அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போனேன். அங்கே காசு கேட்கவில்லை. முதல் நாளில், எனக்கு நடந்ததைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. கணவர் இப்போது வீட்டுப் பக்கம் வருகிறாரா, பிள்ளை எங்கே படுக்கிறான், சாப்பிடுகிறீர்களா என்றுதான் கேட்டார்கள். முதலில் பாதுகாப்பு, பயம் வரும்போது மூச்சையும் உடம்பையும் நிலைப்படுத்தப் பழகுவது. நினைவுகளைத் தொடுவது அதற்குப் பிறகு, அதுவும் நான் தாங்கும் அளவுக்கு. நடந்ததைச் சொல்வதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான், ஆனால் அதற்கு ஆளைத் தயார் செய்வார்கள், நிறுத்து என்றால் நிறுத்துவார்கள். ஆபத்தில் உடம்பு உறைந்துபோவது தானாக நடப்பது, நாம் எடுக்கும் முடிவு இல்லை என்று அங்கேதான் விளக்கினார்கள். அதைக் கேட்ட பிறகுதான் என்னையே திட்டுவது குறைந்தது. "நான் ஒன்றுக்கும் உதவாதவள்" என்ற எண்ணத்தைத் தாளில் எழுதி, அதற்கு ஆதாரம் என்ன, எதிராக என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார்கள். என் பெயரில் தனியாக வங்கிக் கணக்குத் திறந்ததும் அந்த வேலையின் ஒரு பங்குதான்.

2004 சுனாமிக்குப் பிறகு சில நாள் பயிற்சியோடு ஆலோசகர்களாக வந்தவர்களைக் கிழக்கில் பார்த்திருக்கிறோம். இப்போதும் சுவரில் தொங்கும் டிப்ளோமாவை மட்டும் நம்பாதீர்கள். மனநல வைத்தியரோ சிகிச்சை உளவியலாளரோ என்றால் இலங்கை மருத்துவ சபையில் பதிவு உண்டா என்று கேளுங்கள். மற்றவர்களிடம் எங்கே படித்தீர்கள், யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறீர்கள், நான் சொல்வது எங்கே பதிவாகிறது என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிப்பவரிடம் இருக்க வேண்டாம், எழும்பி வந்துவிடுங்கள்.

பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். வன்முறைக்கு உள்ளான பெண்களுக்காக அரச வைத்தியசாலைகளில் நட்பு நிலையம் என்ற பிரிவு இயங்குகிறது. தொலைபேசியில் பேச தேசிய மனநல உதவி இலக்கம் 1926, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

அந்த மேல்மாடி அறைக்குப் போய் வந்த வேறு பெண்கள் இதை வாசித்தால், உங்கள் குரலும் பதிவாகியிருக்கலாம். அழிக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். நான் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. சேர்ந்து கேட்க விரும்பினால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். என்ன நடந்தது என்று நான் கேட்க மாட்டேன்.