செகண்ட் லைன் பீச் அத்தோ: ரங்கூன் நாக்குக்கு எப்படி?

ரங்கூனின் அனோரதா சாலைக் காளி கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் சிறுவயது முதல் தொக் என்னும் பர்மியப் பிசைந்த உணவைத் தின்று வளர்ந்தவர்களிடம், நம் ஊர் உணவுக்கென்றே சென்னையில் ஒரு தெரு இருக்கிறது என்று சொன்னால் எளிதில் நம்பமாட்டார்கள். நானும் நம்பாமல்தான் இருந்தேன். சென்ற தை மாதம் சித்தப்பா வீட்டுத் திருமணத்துக்காகச் சென்னை சென்றபோது, நானும் அக்காவும் அதற்கென்றே இரண்டு மாலைப் பொழுதுகளை ஒதுக்கிக்கொண்டோம்.

கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே, ராஜாஜி சாலையோரம் நீண்டு கிடக்கிறது பர்மா பஜார். பர்மாவில் 1962இல் ராணுவ ஆட்சி வந்து, 1964இல் கடைகள் நாட்டுடைமையாகி, அதே ஆண்டில் 50, 100 கியாட் நோட்டுகளும் செல்லாமல் போனபின் கப்பலேறிய நம்மவர்களின் பிழைப்புக்காக 1969இல் அமைந்த கடைத்தெரு அது. சித்தப்பாவும் அப்படிச் சிறுவனாகக் கப்பலேறியவர்தாம். பஜாருக்குப் பின்புறம் உள்ள செகண்ட் லைன் பீச் சாலையில்தான் அத்தோ வண்டிகள் நிற்கின்றன.

கையால் பிசைந்து கலக்கும் உணவை நாம் ‘அதொக்’ என்கிறோம். கடைசி ஒலியைத் தமிழ் நாக்கு விழுங்கிவிட, அங்கே அது ‘அத்தோ’ ஆகியிருக்கிறது. ஆரஞ்சு நிறம் ஏற்றிய நூடுல்ஸை ஒரு பிடி அள்ளிக் கிண்ணத்தில் போட்டு, மெலிதாக நறுக்கிய முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், உப்பு, மிளகாய்த்தூள், பூண்டு பொரித்த எண்ணெய் ஆகியவற்றைச் சேர்த்து, கடைசியில் பருப்பு சேர்த்துப் பொரித்த மொறுமொறு தட்டையான பேஜோ ஒன்றை நொறுக்கித் தூவி, விரல்களாலேயே பிசைந்து கொடுக்கிறார் கடைக்காரர். அந்தப் பிசைதலில் ரங்கூன் கைப்பக்குவம் அப்படியே இருந்தது. வறுத்த கடலை மாவு கிடையாது. இறால் தூளும் கிடையாது. அந்தக் குறையைப் புளியும் காரமும் மூடிவிடுகின்றன. முதல் வாயிலேயே அக்காவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பழைய நினைவால் என்று சித்தப்பா உருகினார், உண்மையில் அது மிளகாய்.

மொய்ங்காவைப் பற்றி என்னால் இவ்வளவு தாராளமாக எழுத இயலவில்லை. கெளுத்தி மீனை வேகவைத்து உதிர்த்து, எலுமிச்சைப் புல்லும், புளிக்கவைத்த மீன் அல்லது இறால் விழுதான ஙப்பியும் சேர்த்துக் கொதிக்கவிட்ட குழம்பில் வாழைத்தண்டு மிதப்பதைத்தான் நாம் காலையில் மொய்ங்கா என்று உண்கிறோம். நாங்கள் உண்ட கடையில் மீனே இல்லை. வாழைத்தண்டு மட்டும் மிஞ்சியிருந்தது. ஙப்பி உண்டா என்று கேட்டபோது, அந்தச் சொல்லையே கேள்விப்படாத இளைஞர் சிரித்துக்கொண்டே தலையசைத்தார். வாழைத்தண்டு சூப்பு என்று பெயரிட்டிருந்தால் குறை சொல்ல இடமே இராது. சூடாக, வயிற்றுக்கு இதமாகத்தான் இருந்தது.

முட்டை மசாலாதான் எங்களை இரண்டாம் நாளும் இழுத்துச் சென்றது. அவித்த முட்டையைப் பிளந்து, பொரித்த வெங்காயம், பூண்டு, மிளகாய்த்தூள் ஆகியவற்றைத் திணித்து, புளித்தண்ணீரும் எண்ணெயும் ஊற்றிக் கையில் தருகிறார்கள். பொரித்த வெங்காயத்தின் மொறுமொறுப்பு அடங்குவதற்குள் ஒரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். கடித்துத் தின்ன முயன்ற நான் சட்டையை நனைத்துக்கொண்டேன். இதற்கு ஈடான ஒன்றை நம் மகாபந்தூலா சாலையில்கூட நான் உண்டதில்லை.

உட்கார இடம் எதிர்பார்க்க வேண்டாம். தட்டின்மேல் பிளாஸ்டிக் தாள் விரித்து அதன்மேல் சூடான உணவை வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டாம் நாள் வேறொரு வண்டியில், முந்தைய நாளின் பேஜோ போலும், நமுத்துக் கிடந்தது. ஆயினும் இருவரும் வயிறு நிறைய உண்டு 300 ரூபாய்க்குள்தான் செலவாயிற்று. காரம் தாங்காதவர்கள், பிசையத் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். பிறகு சொல்லிப் பயனில்லை. பொட்டலம் கட்டி வாங்குவதும் வீண், வீடு சேர்வதற்குள் நூடுல்ஸ் புளித்தண்ணீரில் ஊறிக் குழைந்துவிடும். பேஜோவை மட்டும் தனியாகக் கேட்டு வாங்கலாம். நாங்கள் வாங்கிய பத்தும் ரங்கூன் விமான நிலையம் வரை நொறுங்காமல் வந்து சேர்ந்தன.