டீசல் கேரவன்ல நெல்லைப் பக்கம் வர்றவங்க கவனிங்க: 46,500 ரூபாய் போச்சு, கோளாறு ஒரு அடி ஹோஸ்

மதுரையில இருந்து கன்னியாகுமரி போற நாலு வழிச்சாலையில டீசல் கேரவன் எடுத்துட்டு வர்றவங்க இதைப் படிச்சுட்டு கிளம்புங்க. 46,500 ரூபாயை வாங்கிக்கிட்டு, வந்த கோளாறோடயே வண்டியை வெளியே விட்டிருக்கு திருநெல்வேலி பைபாஸ் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப். அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது, வழியில நின்னா ஆள் அனுப்புற ஆப். பேரை இங்கே போடல. ஆத்திரம் அடங்கல, அதனால கோர்வையா இல்லாட்டிப் பொறுத்துக்கோங்க.

வண்டி, வேனை கேரவனா மாத்தினது. நாலு சிலிண்டர் காமன் ரெயில் இஞ்சின் (ரெயில்ங்கிற ஒரே அழுத்தக் குழாய்ல இருந்து எல்லா சிலிண்டருக்கும் டீசல் போற வகை), ஏசிக்குத் தனியா சின்ன டீசல் ஜென்செட் (ஜெனரேட்டர்). கயத்தாறு தாண்டினதுல இருந்து பிக்கப் இல்ல. கங்கைகொண்டான் பக்கம் ஆஃப். செல்ஃப் நல்லா அடிக்குது, ஸ்டார்ட் ஆகி ரெண்டு நிமிஷம் ஓடுது, திரும்ப நின்னுருது. அதுக்கப்புறம் செல்ஃப் அடிக்கும்போது சைலன்சர்ல வெள்ளைப் புகைகூட இல்ல. சிலிண்டருக்கு டீசலே போகலன்னு அர்த்தம். டேங்க்ல கால்வாசி இருந்துச்சு.

ஒர்க்‌ஷாப்ல மெக்கானிக் ரிட்டர்ன் பைப்பை (மிச்ச டீசல் டேங்குக்குத் திரும்புற குழாய்) கழட்டி, உள்ளங்கையில கொஞ்சம் டீசலைப் பிடிச்சு வெயில்ல சாய்ச்சுக் காட்டினான். மினுமினுன்னு தூள். "பாத்தியளா அண்ணாச்சி, பம்பு தின்னுருக்கு. இப்படியே ஓட்டுனியன்னா இஞ்சினும் போயிரும். நம்ம வண்டியா நினைச்சுச் செஞ்சு தாரேன்." டீசல் பம்ப் உள்ளே அரைஞ்சு தூள் விடுதுன்னு அர்த்தம். அந்த மினுமினுப்பைக் கண்ணால பார்த்த பிறகு யாருக்குச் சந்தேகம் வரும்? இவங்க பிழைப்பே அதுல இருக்கு. நாள் முழுக்க இரும்பைத் தொடுற கை அது, தூள் அந்தக் கையில ஒட்டியிருந்ததாக்கூட இருக்கலாம். டீசலைச் சுத்தமான வெள்ளைக் கிண்ணத்துல பிடிச்சுக் காட்டியிருந்தா எந்தத் தூள் எங்கே இருந்து வந்ததுன்னு தெரிஞ்சிருக்கும்.

சீட்டுல எழுதினது: ரீகண்டிஷன் பம்ப் 24,000, நாலு இன்ஜெக்டர் (சிலிண்டருக்குள்ள டீசலைப் பீய்ச்சுற முனை) சர்வீஸ் 16,000, கூலி 6,500. மொத்தம் 46,500. ஜிஎஸ்டி நம்பர் இல்லாத வெறும் எஸ்டிமேட் தாள். காசு ஏறின பிறகுதான் சாவி.

நாங்குநேரி தாண்டி, ஆடிக்காத்து எதிர்ல மோத ஆரம்பிச்சதும் அதே திணறல், வள்ளியூர் வர்றதுக்குள்ள அதே ஆஃப். அங்கே பம்ப்செட்டும் டிராக்டரும் பார்க்குற ஒரு மெக்கானிக் ஸ்கேனரே போடல. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவுல கண்ணாடி மாதிரித் தெரியுற 8 எம்எம் டியூப் ஒரு துண்டு மாட்டி செல்ஃப் அடிக்கச் சொன்னார். டீசலோட கொத்துக் கொத்தா காத்துக் குமிழி. அப்புறம் டேங்க்ல இருந்து வர்ற லைனைக் கழட்டிட்டு, 5 லிட்டர் கேன்ல டீசல் ஊத்தி அதுல இருந்து நேரா இழுக்க விட்டார். வண்டி நிக்கவே இல்ல. அப்போ கோளாறு டேங்குக்கும் ஃபில்டருக்கும் நடுவுல. ஜென்செட்டுக்கு டீசல் பிரிக்க கேரவன் கட்டினவங்க போட்ட டீ ஜாயின்ட்டுல (T வடிவ இணைப்பு), கிளிப்புக்கு அடியில ஹோஸ் மயிரிழை அளவு வெடிச்சிருந்துச்சு. ஒரு அடி டீசல் ஹோஸ், ரெண்டு கிளிப், ஒரு ஃபில்டர், கூலியோட 1,350.

இந்த வண்டியில டேங்க்குக்குள்ள பம்ப் கிடையாது, மேல இருக்குறதுதான் உறிஞ்சி இழுக்கணும். அதனால வெடிப்புல டீசல் வெளியே ஒழுகாது, காத்துதான் உள்ளே போகும். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவுல இளநீர் குடிக்கிற மாதிரி. டேங்க் நிறைஞ்சிருந்தா சமாளிக்கும். குறையக் குறைய, லோடு ஏற ஏற நிக்கும். ராத்திரி நிறுத்தினா டீசல் டேங்குக்கே இறங்கிடும், காலையில நெடுநேரம் செல்ஃப் அடிக்கணும். இந்த அறிகுறி இருந்தா பம்பைத் தொடுறதுக்கு முன்னாடி லைனைத்தான் பார்க்கணும். அது தெரியாத டீசல் மெக்கானிக் கிடையாது.

இனி அவன் செஞ்ச "வேலை". பம்ப் மேல சில்வர் பெயிண்ட். நகத்தால சுரண்டினா அடியில பழைய பிசுக்கு. தகட்டுல இருக்குற சீரியல் நம்பர், கேரவன் கட்டினப்போ எடுத்த போட்டோவுல இருக்குற அதே நம்பர். இன்ஜெக்டர் கிளாம்ப் போல்ட் தலையில துரு அப்படியே, ஸ்பேனர் பட்ட தடம் இல்ல, சுத்தி அப்பின மண்ணும் கலையல. இன்னொண்ணு: பம்ப் நெசமாவே அரைஞ்சு தூள் விட்டிருந்தா அது ரெயில், இன்ஜெக்டர், ரிட்டர்ன் வழியா டேங்க் வரைக்கும் போயிருக்கும். டேங்க்கைக் கழுவாம பம்பை மட்டும் மாத்தினா புதுசும் சீக்கிரம் போயிடும். சீட்டுல டேங்க் கழுவின கணக்கே இல்ல.

போன் போட்டா முதல்ல "மெக்கானிக் ஊருக்குப் போயிருக்கான்". அடுத்து "பழைய பம்பை இரும்புக்கடைக்குப் போட்டாச்சு அண்ணாச்சி". அப்புறம் "நீங்க அடிச்ச டீசல் சரியில்ல". இப்போ எடுக்குறதே இல்ல. ஆப்காரங்க "நாங்க இணைப்பு மட்டும்தான் சார்"னு சொல்லிட்டு, புகாரைத் தீர்ந்ததுன்னு மூடிட்டாங்க. 46,500 வாங்கும்போது அவங்க கமிஷன் மட்டும் இணைப்பு இல்லையா?

விவரமா எழுதணும்னுதான் நினைச்சேன், இப்போதைக்கு இவ்வளவுதான். ஹேண்ட் பிரைமரை (லைன்ல கையால டீசல் ஏத்துற சின்ன பம்ப்) அழுத்துங்க. இறுகி நிக்கலன்னா காத்து. ஜென்செட் லைனை மூடிட்டு ஒருதடவை ஓட்டிப் பாருங்க. 15 செகண்டுக்கு மேல செல்ஃப் அடிக்காதீங்க, டீசல் இல்லாம சுத்தினா நல்ல பம்பும் தேயும். காமன் ரெயில்ல இஞ்சின் ஓடும்போது ரெயில் பைப் நட்டை யாரும் தளர்த்த விடாதீங்க, 1,000 பார் அழுத்தத்தையும் தாண்டக்கூடிய டீசல் தோலைத் துளைச்சிடும். இன்ஜெக்டர் போச்சுன்னு சொன்னா, நாலு பாட்டில் வச்சு ஒவ்வொண்ணுல இருந்தும் திரும்புற டீசல் அளவைக் காட்டச் சொல்லுங்க. கழட்டுறதுக்கு முன்னாடி சீரியல் நம்பரை போட்டோ எடுங்க, பழைய சாமானைக் கையில வாங்குங்க, ஜிஎஸ்டி பில் இல்லாம ஜிபே பண்ணாதீங்க. தேசிய நெடுஞ்சாலையில நின்னா ஆப்பை விட்டுட்டு நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்குப் போடுங்க.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் போட்டாச்சு, அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த காசு 5 லட்சம் வரைக்கும்னா அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இந்த பைபாஸ் பக்கம் "பம்பு தின்னுருக்கு" கேட்டுக் காசு கொடுத்தவங்க யாராவது இருந்தா அந்தச் சீட்டைக் கிழிச்சுப் போட்டுடாதீங்க, எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்க. மனுவோட சேர்க்கணும்.