ஆட்டப் பதிவு மென்பொருளுடன் ஐந்து ஆண்டுகள்: தோல்விக் காலத்தில் அது காட்டியதும் மறைத்ததும்

லண்டனில் வசிக்கும் நான், ஐந்து ஆண்டுகளாக வேலை முடிந்த பின் இரவு நேரங்களில் இணையத்தில் போக்கர் ஆடி வருகிறேன். ஆறு பேர் அமரும் நோ லிமிட் ஹோல்டம் மேசை, அதாவது கையிலுள்ள முழுத் தொகையையும் பந்தயம் வைக்கக்கூடிய போக்கர் வகை. சீட்டுப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் பந்தயங்களான பிளைண்டுகள் 5 சென்ட், 10 சென்ட்; பெரியதுதான் பிக் பிளைண்ட். மேசைக்குக் கொண்டுபோகும் தொகை (பை இன்) 10 டாலர், அதாவது 100 பிக் பிளைண்ட். ஆடிய ஒவ்வொரு கையையும் (சீட்டுப் போட்டு முடியும் ஒரு சுற்றையும்) சேமித்துப் பகுத்துக் காட்டும் டிராக்கர் மென்பொருள் ஒன்றை முதல் மாதத்திலிருந்தே பயன்படுத்துகிறேன். அதில் இன்று ஏறத்தாழ 2,40,000 கைகள் உள்ளன. லாபம் நூறு கைக்கு 3 பிக் பிளைண்ட், மொத்தம் 720 டாலர். செலவிட்ட 1,600 மணி நேரத்தால் அதை வகுத்தால் மணிக்கு 45 சென்ட்தான் வருகிறது என்பதால், இதை வருமானம் என்று யாரிடமும் நான் சொல்லிக்கொள்வதில்லை.

மென்பொருளின் உண்மையான மதிப்பு எனக்குத் தெரிந்தது மூன்றாம் ஆண்டில், 30,000 கைகளுக்குள் 220 டாலரை இழந்தபோதுதான். சீட்டாட்டத்தில் நல்ல நேரமும் கெட்ட நேரமும் உண்டு என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அந்தக் கெட்ட நேரம் எவ்வளவு நீளலாம் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. இவ்வகை மேசைகளில் திட்ட விலக்கம், அதாவது முடிவுகள் சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவு, நூறு கைக்குச் சுமார் 90 பிக் பிளைண்ட். ஆகவே என்னைப் போன்ற ஒருவர் 10,000 கைகள் ஆடினால் எதிர்பார்க்கும் லாபம் 300 பிக் பிளைண்ட் என்றாலும், அதைச் சுற்றியுள்ள விலக்கம் 900. நீண்ட காலத்தில் ஜெயிக்கக்கூடிய ஆட்டக்காரரும் அந்த 10,000 கைகளின் முடிவில் நஷ்டத்தில் நிற்க மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வாய்ப்பு உண்டு.

இங்கேதான் மென்பொருளின் மிகப் பிரபலமான வரைபடம் முதலில் ஆறுதலாகவும் பிறகு பொறியாகவும் அமைந்தது. உண்மையான வெற்றி தோல்வியைக் காட்டும் கோட்டுக்குப் பக்கத்தில், ஆல் இன் ஆன, அதாவது முழுப் பணத்தையும் வைத்த, கணத்தில் இருந்த வாய்ப்பின்படி கிடைத்திருக்க வேண்டிய தொகையை இன்னொரு கோடு காட்டும். இரண்டு ஏஸ்களோடு, இரண்டு ராஜாக்கள் வைத்திருப்பவருக்கு எதிராக, ஃபிளாப் எனும் முதல் மூன்று பொதுச் சீட்டுகள் திறக்கும் முன்பே முழுப் பணத்தையும் வைத்துத் தோற்றால், 82 விழுக்காடு வாய்ப்புக்கு உரிய பங்கை அந்தக் கோடு நம் கணக்கில் சேர்த்துவிடும். எனக்கு அந்த இரண்டாம் கோடு 140 டாலர் நஷ்டத்தில் இருந்தது. எனவே மீதி 80 டாலர் வெறும் துரதிர்ஷ்டம் என்று நான் நிம்மதியடைந்தேன். அந்த 140 டாலர் எங்கே போயிற்று என்று இரண்டு மாதங்கள் கேட்காமலே இருந்துவிட்டேன். அந்தக் கோடு ஆல் இன் ஆன பிறகு திறக்கும் சீட்டுகளை மட்டுமே சரிசெய்கிறது. ஆல் இன் வரை நம்மைக் கொண்டுவந்த தவறான முடிவுகளைப் பற்றியோ, எல்லாச் சீட்டுகளும் திறந்த பின், ரிவர் எனும் கடைசிக் கட்டத்தில் செய்யும் ‘கால்’களை (எதிராளியின் பந்தயத்துக்கு ஈடான பணம் வைப்பதை) பற்றியோ அது ஒன்றும் சொல்வதில்லை.

பிறகு ஒருநாள் கைகளை வடிகட்டிப் பார்த்தேன். பிக் பிளைண்ட் வைக்கும் இடத்தில் அமர்ந்து ரிவர் வரை சென்று, பாட் (மேசை நடுவில் சேர்ந்துள்ள பணம்) அளவுக்கு வந்த பந்தயத்தைக் கால் செய்த கைகளில் நான் ஜெயித்தது 21 விழுக்காடு மட்டுமே. பாட் அளவுப் பந்தயத்துக்குக் குறைந்தது 33 விழுக்காடு ஜெயித்தால்தான் போட்ட பணமாவது திரும்பும். ஒரே ஒரு ஜோடியை வைத்துக்கொண்டு எதிராளி ஏமாற்றுகிறார் என்று நம்பியிருக்கிறேன். இந்தச் சிறிய மேசைகளில் அவ்வளவு பெரிய பந்தயத்தை வெறுங்கையோடு வைப்பவர்கள் அரிது. அதே கைகளை நேர வரிசையில் அடுக்கியபோதுதான் வெட்கமாக இருந்தது: பெரும்பாலானவை ஒரு பெரிய பாட்டை இழந்த அடுத்த அரைமணி நேரத்துக்குள், நள்ளிரவுக்குப் பின் ஆடியவை. விட்டதைப் பிடிக்கும் ஆட்டம் என்று ஊரில் சொல்வார்களே, அதைத்தான் நான் வாய்ப்புக் கணக்கு பேசிக்கொண்டே ஆடியிருக்கிறேன்.

அதன் பிறகு நடப்பு ஆட்டத்தின் லாப நஷ்டத்தைக் காட்டும் பெட்டியை மறைத்துவிட்டேன். எதிராளிகளின் ஆட்டத்தைப் பற்றி அவர்கள் பெயருக்கு மேல் மிதக்கும் எண்களையும் மூன்றாகக் குறைத்தேன். மூன்று பை இன் போனால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. டெபாசிட் வரம்பையும் குறைத்தேன். பிரிட்டனில் வரம்பைக் குறைத்தால் உடனே அமலாகும், கூட்டக் கேட்டால் 24 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும் என்ற விதி, இரவு ஒரு மணிக்கு என்னை இருமுறை காப்பாற்றியிருக்கிறது. வரம்பு போதாது என்று உணர்பவர்களுக்கு, உரிமம் பெற்ற எல்லாத் தளங்களிலிருந்தும் ஒருசேர விலக்கும் கேம்ஸ்டாப் உள்ளது. அந்த நிலையில் எந்த மென்பொருளும் மருந்தாகாது.

மென்பொருளைப் பற்றிய குறைகளும் உண்டு. கைகள் ஒரு லட்சத்தைத் தாண்டிய பின் அறிக்கைகள் திறக்கத் தாமதமாகின்றன. வடிகட்டிகளைக் கற்றுக்கொள்ள எனக்கு ஓர் ஆண்டு பிடித்தது. மாதம் ஆயிரம் கைகள் ஆடுபவருக்கு இதில் செலவழிப்பது வீண். அவ்வளவு சிறிய பதிவிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

சென்ற மாதம் மீண்டும் 90 டாலர் இறங்கியது. ரிவர் கால்களை வடிகட்டினேன்; 36 விழுக்காடு. எதையும் மாற்றாமல் மறுநாள் அதே மேசையில் அமர்ந்தேன்.