"போகப் போக செட் ஆகிடும்" என்று சொன்னால் நம்பாதீர்கள்: ஆன்-இயர் ஹெட்போன் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

ஒயர்லெஸ் ஆன்-இயர் ஹெட்போன் ஆன்லைனில் வாங்கப் போகிறவர்கள், ஆர்டர் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். 2,499 ரூபாய் கொடுத்து நான் பட்ட அவஸ்தை இது. கம்பெனி பெயரைச் சொல்லவில்லை, புகார் இன்னும் முடியவில்லை.

எனக்கு வீட்டிலிருந்தே வேலை. காலையில் உட்கார்ந்தால் மாலை வரை மீட்டிங்தான். காதுக்குள் சொருகுகிற இயர்பட்ஸ் எனக்கு ஒத்துக்கொள்ளாது. காதை முழுசாக மூடுகிற ஓவர்-இயரைச் சென்னைப் புழுக்கத்தில் மாட்டினால் வேர்த்துக் கொட்டும். அதனால்தான் காது மடல் மேல் உட்காருகிற ஆன்-இயர். விளம்பரத்தில் மூன்று விஷயங்கள் கொட்டை எழுத்தில் இருந்தன: மெமரி ஃபோம் குஷன், மெட்டல் ஹெட்பேண்ட், நாள் முழுக்க அணியலாம்.

முதல் மீட்டிங் முடிவதற்குள்ளேயே காது எரிய ஆரம்பித்தது. ஆன்-இயரில் மொத்த அழுத்தமும் மடலின் குருத்தெலும்பு மேல்தான் விழும். ஓவர்-இயரில் அந்த அழுத்தத்தைக் காதைச் சுற்றியுள்ள எலும்பு தாங்கிக்கொள்ளும். இதில் என்னைப் போல் கண்ணாடி போட்டவர் என்றால், கண்ணாடிக் காம்புக்கும் ஹெட்போனுக்கும் நடுவில் மடல் மாட்டிக்கொண்டு நசுங்கும். அதனால்தான் நல்ல ஆன்-இயரில் காது மேல் உட்காருகிற கிண்ணம் மேலும் கீழும், முன்னும் பின்னும் லேசாகத் திரும்பும். காது எந்தச் சாய்வில் இருக்கிறதோ அதற்கேற்ப உட்காரும். நான் வாங்கியதில் கிண்ணம் மடிப்பதற்காக உள்பக்கம் மடங்கும், அவ்வளவுதான். காதுக்காக ஒரு இம்மிகூடத் திரும்பாது. மேல் விளிம்பு மட்டும் மடலைக் குத்திக்கொண்டே இருக்கும். 1984-இல் வந்த காஸ் போர்ட்டா ப்ரோ என்கிற ஆன்-இயர் ஹெட்போனிலேயே காதுக்கு மேலே பொட்டுப் பகுதியில் சின்ன பஞ்சு வைத்து அழுத்தத்தைப் பகிர்ந்திருப்பார்கள், இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க வசதியும் உண்டு. நாற்பது வருஷத்துக்கு முன்பே தீர்த்துவைத்த பிரச்சினை இது.

உடனே கஸ்டமர் கேருக்கு சாட்டில் எழுதினேன். ரிட்டர்ன் கொடுக்க நாள் இருந்தது. வந்த பதில்: "மேடம், புது பீஸ் கொஞ்சம் டைட்டாதான் இருக்கும். ஒரு வாரம் யூஸ் பண்ணுங்க, செட் ஆகிடும். ராத்திரில நாலு புக் அடுக்கி அது மேல மாட்டி வைங்க." ரிட்டர்ன் காலம் ஏழே நாள் என்பதை இங்கே கவனியுங்கள். "ஒரு வாரம் பாருங்க" என்கிற ஆலோசனையும் ஏழு நாள் கெடுவும் தற்செயலாகப் பொருந்தியதாக நான் நினைக்கவில்லை.

அவர்கள் சொன்னபடியே புத்தகம் அடுக்கி மாட்டி வைத்தேன். நிஜமான மெட்டல் பட்டை என்றால் விரித்தால் விரிந்து நிற்கும். இது அசையவில்லை. சில நாளில், பட்டையும் கிண்ணமும் சேருகிற இடத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். நகத்தால் சுரண்டினால் வெள்ளிப் பூச்சு உரிந்து உள்ளே வெள்ளை பிளாஸ்டிக் பல்லிளித்தது. மெட்டல் ஹெட்பேண்டின் லட்சணம் இது.

சர்வீஸ் சென்டருக்கு நேரில் போனேன். கவுன்டரில் இருந்தவர் பாட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு, "சவுண்டு நல்லா வருதே மேடம், அப்புறம் என்ன கம்ப்ளைன்ட்?" என்றார். காது வலி என்றேன். அது ஆளைப் பொறுத்தது என்றார். விரிசலைக் காட்டினேன். "இது பிசிக்கல் டேமேஜ், வாரண்டில வராது." அவர்கள் ஆளே சொல்லித்தானே செய்தேன் என்று சாட்டின் ஸ்கிரீன்ஷாட்டை நீட்டினேன். அதைப் பார்க்கக்கூட இல்லை. குஷனின் மேல்தோல் கருப்புப் பொடியாக உரிந்து காதிலும் சட்டைக் காலரிலும் ஒட்டுவதைக் காட்டினால், "குஷன் கன்ஸ்யூமபிள், அதாவது தேய்ஞ்சு போற ஐட்டம், அதுக்கும் வாரண்டி கிடையாது." சரி, மாற்றுக் குஷனாவது கொடுங்கள் என்றால் ஸ்பேர் வருவதே இல்லையாம். அந்தக் குஷனைக் கழற்றவும் முடியாது, பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். பியூ லெதர் என்கிற செயற்கைத் தோல் ஈரப்பதத்திலும் வேர்வையிலும் உரியத்தான் செய்யும். நம் ஊரில் விற்கிறவருக்கு அது தெரியாதா?

மெமரி ஃபோமும் பொய். விரலால் அழுத்தி எடுத்தால் மெமரி ஃபோமில் பள்ளம் மெதுவாக மேலே எழும்பும். இது விரலை எடுத்த கணமே எழும்பியது. பெட்டி கைக்கு வந்ததும் எல்லோரும் செய்துபார்க்க வேண்டிய சோதனை இது.

காது வலி என்று புகார் கொடுத்தால் யாரும் மதிப்பதில்லை. விளம்பரத்தில் சொன்னது பொருளில் இல்லை என்று கொடுத்தால் கதையே வேறு. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன அம்சம் பொருளில் இல்லாவிட்டால் விற்றவர் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது. விற்பனைத் தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் அங்கே கொடுத்த புகாரில் வலியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. பிளாஸ்டிக் தெரிகிற விரிசலின் படம், விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், சாட்டின் ஸ்கிரீன்ஷாட், பில், இவ்வளவுதான். அதுவரை வாயே திறக்காத விற்பனையாளர் அதற்குப் பிறகு பாதிப் பணம் தருவதாக மெயில் அனுப்பினார். மறுத்துவிட்டேன். முழுப் பணமும் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது.

பொருளைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் தலையில் மாட்டி, கண்ணாடியோடு ஒரு மணி நேரம் தொடர்ந்து உட்காருங்கள். வலித்தால் அன்றைக்கே ரிட்டர்ன் போடுங்கள், சாட்டில் யார் என்ன சமாதானம் சொன்னாலும் சரி. விளம்பரப் பக்கத்தை வாங்கும்போதே படம்பிடித்து வையுங்கள். என் புகாருக்குப் பிறகு அந்தப் பக்கத்தில் 'மெட்டல்' என்பது சத்தமில்லாமல் 'மெட்டாலிக் ஃபினிஷ்' ஆகிவிட்டது.

இதே அச்சில் வார்த்த ஹெட்போன் வேறு இரண்டு பெயர்களிலும் விற்பனைக்கு இருப்பதைப் பார்த்தேன். அடையாளம் சொல்கிறேன்: பட்டையின் இரு முனையிலும் வெள்ளி நிற வளையம், கிண்ணத்தின் நடுவில் அறுகோணக் கோடுகள், குஷனைச் சுற்றித் தையலே இருக்காது. அந்தப் படத்தைப் பார்த்தால் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்கள் பில்லோடு எனக்கு எழுதுங்கள், புகாரைச் சேர்ந்தே கொடுக்கலாம்.